மகளின் அரங்கேற்ற வீடியோ: ஆறு மணி நேரப் பதிவு, எங்கிருந்து தொடங்குவது?

வெள்ளவத்தை_அப்பா | சனி, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். போன மாதம் மகளின் பரதநாட்டிய அரங்கேற்றம் வெள்ளவத்தையில் நடந்தது. கமராக்காரருடன் பேசியது படம்பிடிக்க மட்டும்தான். எடிட் செய்ய அவர் கேட்ட காசு இப்போதைக்கு எங்களுக்கு ஏலாது. நானே செய்து பார்ப்போம் என்று இறங்கிவிட்டேன்.

கையில் இருப்பவை: மண்டபத்தின் கடைசியில் ஸ்டாண்டில் நின்ற பெரிய கமராவின் மெமரி கார்டு இரண்டு. மேடைக்கு இடப்பக்கம் நின்று மச்சான் போனில் எடுத்தது. முன்வரிசையில் மனைவி எடுத்த துண்டு துண்டான கிளிப்கள். சவுண்ட் பார்த்த தம்பி மிக்சரில் இருந்து நேரே பதிந்து தந்த ஓடியோ ஒன்று. கனடாவில் இருந்து வந்திருந்த பெரியம்மாவும் தான் எடுத்ததை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறா. எல்லாம் சேர்த்து ஆறு மணி நேரத்துக்கு மேல் வரும்.

லப்டொப் சாதாரண ஐ5, 8 ஜிபி ராம். நேற்று இரவு கார்டைச் செருகி, கிளிப்களை மென்பொருளுக்குள் இழுத்துப் போட்டு இரண்டு மணி நேரம் இருந்து வெட்டினேன். இன்று காலை கார்டுகளைக் கமராக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது திறந்தால் ஒரு கிளிப்பும் இல்லை, எல்லாம் காணவில்லை என்று காட்டுகிறது. வெட்டியதெல்லாம் போய்விட்டதா?

கொட்டாஞ்சேனை_கட்டர் | சனி, இரவு 9.20

அண்ணை, பதில் எழுத முதல் ஒரு வேலை. அந்தக் கமராக்காரருக்கு இப்பவே போன் போட்டு, கார்டை அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நாளை ஞாயிறு, அவருக்குக் கலியாண வேலை இருக்கும். விடியப்புறம் கார்டைக் கமராவில் போட்டதும் முதல் செய்வது ஃபோர்மட்தான். நானும் அப்படித்தான் செய்வேன்.

வெள்ளவத்தை_அப்பா | சனி, இரவு 9.41

எடுத்தேன். ஒரு கார்டு மேசையில் கிடக்கிறதாம். மற்றது கமராவுக்குள் போய்விட்டது, ஆனால் இன்னும் அழிக்கவில்லை. ஓட்டோ வருகிறது, போய் வாங்கிக்கொண்டு வருகிறேன்.

கொட்டாஞ்சேனை_கட்டர் | சனி, இரவு 11.05

அண்ணை போய் வருவதற்குள் எழுதி வைக்கிறேன்.

நீங்கள் வெட்டியது எங்கும் போகவில்லை. எடிட் மென்பொருளின் புரொஜெக்ட் கோப்பில் படம் என்று எதுவும் இருப்பதில்லை. எந்தக் கோப்பு, எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் முடிகிறது, எந்தத் தட்டில் கிடக்கிறது என்ற குறிப்புதான் இருக்கிறது. சமையல் குறிப்பு மாதிரி. அரிசி பருப்பு அதற்குள் இல்லை. கார்டைக் கழற்றியது அலுமாரியைத் தூக்கிக்கொண்டு போனதற்குச் சமம். கோப்புகளைத் திரும்ப ஓர் இடத்தில் வைத்து "இங்கே இருக்கிறது" என்று காட்டினால் பழைய வெட்டுகள் வந்துவிடும்.

ஆனால் அந்த இரண்டு மணி நேர வேலையை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். முதலில் இருந்து தொடங்குவோம்.

முதல் நாள் மென்பொருளைத் திறக்கவே வேண்டாம். வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்குங்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போனால் நாலைந்து கடை ஏறி விலை கேட்கலாம். கார்டில் உள்ள வீடியோக் கோப்புகளை மட்டும் பொறுக்காமல், முழுப் போல்டர் அமைப்பையும் அப்படியே பிரதி எடுங்கள். 32 ஜிபி கார்டுகள் ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறையில் இருப்பதால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. அதனால் கமரா ஒரே ஓட்டத்தைத் துண்டு துண்டாகப் பதிந்திருக்கும். சில கமராக்களில் அந்தத் துண்டுகளை ஒட்டும் தகவல் வேறு சிறு கோப்புகளில் கிடக்கும். அவற்றை விட்டுவிட்டால் ஒட்டும் இடத்தில் கண் சிமிட்டும் நேரத்துக்குப் படமோ சத்தமோ விடுபடலாம். ஜதியின் (தாளச் சொற்கட்டின்) நடுவில் அப்படி நடந்தால் பிறகு எதைக்கொண்டு மறைப்பது?

பிரதி முடிந்ததும் கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் கார்டோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொன்றையும் திறந்து தொடக்கம், நடு, கடைசி மூன்றையும் பாருங்கள். பிறகு இன்னொரு டிஸ்க்கில் இரண்டாம் பிரதி. அதற்குப் பிறகுதான் கார்டு திரும்பிப் போகலாம்.

பெரியம்மாவுக்குச் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது நசுக்கித்தான் அனுப்பும். டொக்கியுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது டிரைவில் ஏற்றச் சொல்லுங்கள்.

வெள்ளவத்தை_அப்பா | ஞாயிறு, அதிகாலை 12.30

இரண்டு கார்டும் கையில். அந்த மனுசன் ஒன்றும் சொல்லாமல் வேறு கார்டு வைத்திருக்கிறேன், நாளைக்குப் பரவாயில்லை என்றார். கும்பிடாத குறை.

ரிசோல்வ்_ரசிகன் | ஞாயிறு, காலை 7.50

அண்ணா எந்த மென்பொருள் என்று சொல்லவில்லையே. டாவின்சி ரிசோல்வ் இலவசமாகவே இருக்கும்போது வேறெதற்கு? பல கமரா, நிறம், சத்தம், எல்லாம் ஒரே இடத்தில். இலவசப் பதிப்பே 4கே வரை வெளியே தரும்.

கொட்டாஞ்சேனை_கட்டர் | ஞாயிறு, காலை 8.15

தம்பி, நானும் அதில்தான் உழைத்துச் சாப்பிடுகிறேன். ஆனால் அதற்கு 16 ஜிபி ராமும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டும். அண்ணையிடம் 8 ஜிபி. கெடென்லைவ் அல்லது ஷாட்கட் போதும், இரண்டும் இலவசம். சத்தத்தை ஒப்பிட்டுக் கிளிப்களைத் தானாகப் பொருத்தும் வசதி கெடென்லைவில் இருக்கிறது, இந்த வேலைக்கு அதுதான் முக்கியம். கடையில் எந்தக் கத்தி நல்லது என்று கதைத்துக்கொண்டிருந்தால் மீன் பழுதாகிவிடும்.

ரிசோல்வ்_ரசிகன் | ஞாயிறு, காலை 8.22

16 ஜிபியாக ஏற்றினால் போச்சு 😄

பழைய_டேப்காரன் | ஞாயிறு, காலை 10.40

நான் ஓய்வு பெற்றுப் பத்து வருடம் தாண்டிவிட்டது. டேப்பில் வெட்டிப் பழகியவன். இரண்டு யந்திரம், ஒன்றில் ஓடவிட்டு மற்றதில் பதிவது. பதினைந்தாம் நிமிடத்தில் ஒரு ஷொட்டை நீட்டவேண்டும் என்றால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாவற்றையும் திரும்பப் பதியவேண்டும். அதனால் யந்திரத்தைத் தொடுவதற்கு முன் கடதாசியில் எடிட் முடிந்துவிடும். இப்போதைய பிள்ளைகளுக்கு ஒரு பொத்தானில் பழையபடி திரும்பும் வசதி இருக்கிறது, அதனால் பார்க்காமலே வெட்டுகிறார்கள்.

தம்பி, ஒரு சீ.ஆர் கொப்பி எடுங்கள். ஆறு மணி நேரத்தையும் இருந்து பாருங்கள். குறுக்குவழி இல்லை. நேரம், உருப்படி (அலாரிப்பு, வர்ணம் மாதிரி நிகழ்ச்சியின் ஒவ்வொரு ஆட்டமும்), எந்தக் கமரா, என்ன நடக்கிறது, நல்லதா கெட்டதா. "00.41.10, வர்ணம், மச்சான் போன், முன்னால் ஒருவர் எழும்பி நிற்கிறார்" என்ற அளவுக்குப் போதும். இரண்டு மாலை போகும், ஆனால் பிறகு இரண்டு வாரம் மிச்சம்.

இன்னொன்று, கிளிப்களை உள்ளே போடும்போது முதலில் பெரிய கமராவின் கிளிப்பைப் போடுங்கள். நம் நாட்டுத் தொலைக்காட்சி பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் வளர்ந்தது. 1982இல் ரூபவாஹினி தொடங்கியதே நொடிக்கு 25 பிரேம், அதாவது 25 தனிப்படம், என்ற கணக்கில்தான். இங்கே கமராக்காரர்கள் பெரும்பாலும் இன்னும் 25இல் வைத்துத்தான் எடுக்கிறார்கள். போன்களோ 30. முதல் கிளிப் போனுடையதாக இருந்து, "புரொஜெக்டை இதற்கு ஏற்ப மாற்றவா" என்று மென்பொருள் கேட்கும்போது நீங்கள் ஓம் என்று அமத்திவிட்டால், முழு வேலையும் 30க்குப் போய்விடும். பிறகு பெரிய கமராவின் படம்தான் துள்ளும்.

வெள்ளவத்தை_அப்பா | ஞாயிறு, பகல் 1.05

ஐயா, வெள்ளிக்கிழமை இரவு அதைத்தான் செய்தேன் போல. கேட்டது, ஓம் என்றேன்.

பழைய_டேப்காரன் | ஞாயிறு, பகல் 1.30

அதனால்தான் முதலில் இருந்து தொடங்கச் சொல்கிறார்கள்.

வெள்ளவத்தை_அப்பா | செவ்வாய், இரவு 10.20

கொப்பி 23 பக்கம் வந்துவிட்டது. பெரிய கமரா 25 பிரேம்தான், 11 நிமிடத்துக்கு ஒரு துண்டாக இருக்கிறது. மகளும் பக்கத்தில் இருந்து பார்த்தாள். அவள் "இது வேண்டாம் அப்பா, அரைமண்டி உயர்ந்துவிட்டது" (அரைமண்டி என்றால் முழங்காலை மடித்து நிற்கும் நிலை) என்று சொன்ன இடங்கள் எனக்கு எவ்வளவு வடிவாக இருந்தன! யார் பேச்சைக் கேட்பது?

அடுத்தது என்ன? நல்ல ஷொட்டுகளை வரிசையாக அடுக்கவா?

கொட்டாஞ்சேனை_கட்டர் | செவ்வாய், இரவு 11.00

இல்லை. முதலில் சத்தம்.

கலியாண வீடியோ வேறு. அங்கே படத்தை அடுக்கிவிட்டு மேலே ஒரு பாட்டைப் போட்டு ஒப்பேற்றலாம். அரங்கேற்றத்தில் சத்தம்தான் முதுகெலும்பு. மிக்சர் ஓடியோவை டைம்லைனில் (கிளிப்களை நேர வரிசையில் அடுக்கும் பட்டியில்) தொடக்கம் முதல் முடிவு வரை வெட்டாமல் விரியுங்கள். புஷ்பாஞ்சலியில் இருந்து மங்களம் வரை அதுதான் உங்கள் நேரக் கோடு. படங்கள் வந்து அதில் ஏறட்டும். இப்படிச் செய்தால் எந்தக் கமராவில் எவ்வளவு நேரம் இருந்தாலும் தாளம் பிசகாது.

மிக்சர் ஓடியோவை ஒப்பீட்டுச் சத்தமாக வைத்து, கமராக் கிளிப்களை அதோடு பொருத்தச் சொல்லுங்கள். சினிமாவில் பலகை தட்டுவது இதற்குத்தான். உங்களுக்குப் பலகை தேவையில்லை, நட்டுவாங்கத் தாளம் இருக்கிறது. உலோகத்தில் உலோகம் விழும் சத்தம் அலைவடிவத்தில் ஊசி மாதிரி நிற்கும். தானாகப் பொருந்தாத கிளிப்பை அந்த ஊசியைப் பார்த்துக் கையால் நகர்த்தலாம்.

லப்டொப் திணறினால் புரொக்சி வசதியைப் போட்டுவிடுங்கள். எச்.264 என்ற முறையில் சுருக்கிய வீடியோக் கோப்பில் எல்லாப் பிரேமும் முழுப் படமாக இருப்பதில்லை. இடையிடையே ஒரு முழுப் படம், மற்றவை "போன பிரேமில் இருந்து என்ன மாறியது" என்ற குறிப்பு. நடுவில் நிறுத்தினால் கணினி பின்னால் போய் அந்த முழுப் படத்தில் இருந்து கட்டிக்கொண்டு வரவேண்டும். அதுதான் திணறல். புரொக்சி என்பது வெட்டுவதற்கு மட்டும் பாவிக்கும் சின்னப் பிரதி. கடைசியில் மென்பொருள் அசலை எடுத்துக்கொள்ளும்.

வெள்ளவத்தை_அப்பா | புதன், இரவு 9.55

பெரிய கமரா அழகாகப் பொருந்திவிட்டது. மச்சானின் போன்தான் பேய்க்காட்டுகிறது. அலாரிப்பில் சரியாக இருக்கிறது, வர்ணத்தின் முடிவுக்கு வரும்போது கால் ஒரு பக்கம் தாளம் ஒரு பக்கம். கறுப்புப் பட்டிகள் வேறு படத்தில் மேலும் கீழும் ஓடுகின்றன.

பழைய_டேப்காரன் | புதன், இரவு 10.25

பட்டிக்குக் காரணம் மின்சாரம். நம்முடையது 50 ஹேர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்று இருந்தால் கணக்கு ஒத்துப்போகும். போன் தன் எண்ணத்துக்கு 1/60 என்று எடுத்துக்கொண்டால் பட்டி விழும். எடுத்த பிறகு திருத்துவது கஷ்டம். பட்டி மோசமான இடங்களைக் கொப்பியில் வெட்டிவிடுங்கள். அடுத்த தடவை மச்சானின் போனில் செட்டிங்கைப் பார்த்துக் கொடுங்கள்.

கொட்டாஞ்சேனை_கட்டர் | புதன், இரவு 10.40

சறுக்கலுக்குக் காரணம் இரண்டு. போன் நொடிக்குச் சரியாக 30 என்று எடுப்பதில்லை. வெளிச்சத்தையும் சூட்டையும் பார்த்து ஒரு நொடியில் 29, ஒரு நொடியில் 30 என்று மாற்றிக்கொண்டே போகும். கெடென்லைவே அதைக் கண்டுபிடித்து மாற்றவா என்று கேட்கும். கேட்காவிட்டால் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் பிரேம் வேகத்தை நிலையானது என்று வைத்து ஒரு தடவை மாற்றி எடுங்கள்.

மற்றது கடிகாரம். ஒவ்வொரு கருவியின் கடிகாரமும் மயிரிழை வித்தியாசமாக ஓடும். பத்து இலட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் என்றாலே 2 மணி நேரத்தில் 0.144 நொடி. 25 பிரேம் கணக்கில் மூன்றரைப் பிரேமுக்கு மேல். பேட்டி வீடியோவில் இதை யாரும் காணமாட்டார்கள். நடனத்தில் காணுவார்கள். ஆகவே மச்சானின் நீண்ட கிளிப்பை உருப்படி உருப்படியாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பொருத்துங்கள். இடையில் கைதட்டல் வருகிறதுதானே, வெட்டு அங்கே விழட்டும்.

தெஹிவளை_டிசைனர் | வியாழன், மாலை 6.30

அண்ணா, நான் படித்துக்கொண்டே பகுதிநேரமாகச் சின்ன வீடியோக்கள் எடிட் செய்கிறேன். ஒரு யோசனை. மூன்று கமரா இருக்கும்போது மூன்று நாலு செக்கனுக்கு ஒருக்கா மாற்றிக்கொண்டே இருங்கள். இல்லாவிட்டால் இரண்டரை மணி நேரம் யாரும் பார்க்கமாட்டார்கள். வர்ணத்தில் கொஞ்சம் ஸ்லோ மோஷன் போட்டால் வடிவாக இருக்கும்.

மிருதங்கம்_கொழும்பு6 | வியாழன், மாலை 7.15

வர்ணத்தில் ஸ்லோ மோஷனா! தங்கச்சி, அப்போது நான் வாசித்ததை எங்கே கொண்டுபோய் வைப்பது?

நான் எடிட்டர் இல்லை. அரங்கேற்றங்களுக்கு மிருதங்கம் வாசிப்பவன். ஆடுபவரும் குருவும் வீடியோவில் எதைத் தேடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அலாரிப்பு, ஜதீஸ்வரம், தில்லானா மூன்றிலும் கால் தெரியவேண்டும். பாதத்தில் இருந்து தலை வரை முழு உருவம். அடவு (அடிப்படை ஆட்ட அசைவு) ஓடும்போது முகத்தை மட்டும் பெரிதாகக் காட்டினால் பாதி நடனத்தை வெட்டி எறிந்தது மாதிரி. பதத்துக்கு (அபிநயப் பாட்டுக்கு) வந்தால் தலைகீழ்: அங்கே கண்ணும் முகமும் பேசுகின்றன, முன்வரிசைக் கிளிப்களை அங்கே பாவியுங்கள். வர்ணத்தில் இரண்டும் மாறி மாறி வரும். ஜதிக்குப் பெரிய கமரா, சாகித்தியத்துக்கு (பாட்டு வரிகளுக்கு) கிட்ட உள்ள போன்.

கமராவை எங்கே மாற்றுவது என்பதைத் தாளமே சொல்லும். ஆதி தாளம் என்றால் எட்டு அட்சரம் எண்ணுங்கள். தீர்மானம் (ஜதியை முடிக்கும் கோவை) முடிந்து சமத்தில், அதாவது தாளத்தின் முதல் அட்சரத்தில், விழும் இடத்தில் மாற்றினால் மாற்றியதே தெரியாது. தீர்மானத்தின் நடுவில் மாற்றினால் பார்ப்பவருக்கு ஏனென்று தெரியாது, ஆனால் ஏதோ உறுத்தும்.

தெஹிவளை_டிசைனர் | வியாழன், இரவு 8.02

சரி சரி, ஸ்லோ மோஷன் வேண்டாம் 🙏 ஆனாலும் முழு வீடியோவையும் அம்மம்மா, குரு, நாலு சொந்தக்காரர் தவிர வேறு யார் பார்க்கப்போகிறார்கள்?

மிருதங்கம்_கொழும்பு6 | வியாழன், இரவு 8.10

அவர்களுக்காகத்தானே எடுப்பது.

கொட்டாஞ்சேனை_கட்டர் | வியாழன், இரவு 9.30

இரண்டு பேர் சொல்வதும் நடக்கும். முழு வீடியோவை மிருதங்கம் அண்ணை சொல்வதுபோல் முடியுங்கள். அது முடிந்த பிறகு அந்த டைம்லைனைப் பிரதி எடுத்து, மூன்று நிமிடத் துண்டு ஒன்று தங்கச்சி சொல்வதுபோல் வெட்டுங்கள், பேஸ்புக்குக்கு. முன்கூட்டியே குட்டி வீடியோவைச் செய்யப் போனால் பெரியது முடியாது. எனக்கு எத்தனையோ தடவை நடந்திருக்கிறது.

வெட்டும்போது படத்தையும் சத்தத்தையும் எப்போதும் ஒரே இடத்தில் வெட்டவேண்டியதில்லை. அறிவிப்பாளர் அடுத்த உருப்படியைச் சொல்லத் தொடங்கும்போது படத்தில் இன்னும் கைதட்டும் சபை இருக்கட்டும். குரல் முதலில், முகம் பிறகு. உருப்படிக்கு உருப்படி போகும் இடங்களில் இது ஒன்றே போதும், பறக்கிற பூ, சுழலும் சட்டம் ஒன்றும் தேவையில்லை.

வெள்ளவத்தை_அப்பா | திங்கள், இரவு 10.45

வெட்டு முடிந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் மேசையை விட்டு எழும்பவில்லை. நேற்று பின்னேரம் இடி இடித்துக் கரண்ட் போனது, 20 நிமிட வேலை மட்டும்தான் போனது. 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டிய காலத்தில் இதைத் தொடங்கியிருந்தால் கதை கந்தல்.

இப்போது கேட்டுப் பார்த்தால் ஒரு குறை. மிக்சர் ஓடியோ துப்புரவாக இருக்கிறது, பாட்டும் வயலினும் அருமை. ஆனால் மகள் ஆடுகிற மாதிரி இல்லை. ஏதோ ஊமைப்படத்துக்குப் பாட்டுப் போட்டது மாதிரி. ஏன்?

மிருதங்கம்_கொழும்பு6 | திங்கள், இரவு 10.58

சலங்கை இல்லை! மேடைத் தரையில் மைக் வைத்திருக்கமாட்டார்கள். மிக்சருக்குப் போனது பக்கவாத்தியக்காரர் பக்கம் இருந்த மைக்குகள் மட்டும்தான்.

கொட்டாஞ்சேனை_கட்டர் | திங்கள், இரவு 11.20

அதேதான். மனைவியின் போன் முன்வரிசையில் இருந்ததால் அதில் சலங்கை கேட்கும். பெரிய கமராவின் சத்தத்தில் மண்டபமும் கைதட்டலும் இருக்கும். எந்தப் படத்தைக் காட்டுகிறீர்கள் என்பதைப் பொருட்படுத்தாமல், இந்தச் சத்தங்களை மிக்சர் ஓடியோவுக்குக் கீழே மெல்லிசாக ஓடவிடுங்கள். மிக்சரைவிட 12 டெசிபல் குறைவில் தொடங்கி, காதுக்குச் சரியாக வரும்வரை ஏற்றுங்கள்.

மொத்தச் சத்தம் எந்த இடத்திலும் பூச்சியம் டெசிபலைத் தொடக்கூடாது. மிருதங்கத்தின் உச்சங்களை மைனஸ் 6 அளவில் நிறுத்துங்கள். யூடியூப் மைனஸ் 14 எல்யூஎப்எஸ்ஸுக்கு (சராசரிச் சத்தத்தை அளக்கும் அலகு) மேல் சத்தமாக இருப்பதைத் தானே குறைத்துவிடும், ஆகவே கத்தவைப்பதில் லாபமில்லை. ஹெட்போனில் ஒரு தடவை, ரீவியில் ஒரு தடவை கேளுங்கள். இரவு கேட்பது நல்லது. வெள்ளவத்தையில் பகலில் ரயிலும் காகமும் விடாது.

வெள்ளவத்தை_அப்பா | செவ்வாய், இரவு 11.50

சலங்கை ஏறியதும் மனைவி அறைக்குள் இருந்து எழும்பி வந்துவிட்டா.

தெஹிவளை_டிசைனர் | புதன், மாலை 5.40

நிறத்துக்கு வந்துவிட்டீர்களா அண்ணா? போன் படத்தைப் பெரிய கமராவுக்குப் பொருத்துங்கள், மற்றப் பக்கமாக அல்ல. போன் ஏற்கனவே நிறத்தை ஏற்றி வைத்திருக்கும், அதை இறக்கினால் போதும். வெள்ளை எது என்று பார்க்க வேட்டி சட்டையை எடுக்காதீர்கள், நீலம் போட்டுத் தோய்த்திருப்பார்கள். தலையில் உள்ள மல்லிகைச் சரத்தைப் பாருங்கள். வெள்ளை விளக்கு எரியும் நேரத்தில் இரண்டு கமராவிலும் மல்லிகை ஒரே வெள்ளையாக வந்தால் தோல் நிறமும் ஏறத்தாழச் சரியாகிவிடும். சிவப்பு விளக்கு முழுதாக அடித்த இடத்தைக் காப்பாற்ற முடியாது, விட்டுவிடுங்கள்.

வெள்ளவத்தை_அப்பா | புதன், இரவு 9.10

மல்லிகை வேலை செய்தது, நன்றி தங்கச்சி. இப்போது எழுத்து. அழைப்பிதழ் அடித்த அச்சகத்தில் இருந்து உருப்படிகளின் பெயர், இராகம், தாளம் எல்லாம் வேர்டு கோப்பாக வாங்கினேன். அதை டைட்டிலில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் சதுர அடைப்புமாகக் கொட்டுகிறது.

தெஹிவளை_டிசைனர் | புதன், இரவு 9.25

பாமினி! எங்கள் ஊர் அச்சகங்களில் இன்னும் அதுதான். உள்ளே கிடப்பது உண்மையில் ஆங்கில விசைகள். பாமினி எழுத்துருதான் அவற்றைத் தமிழ் மாதிரிக் காட்டும். அந்த அரைப்புள்ளிதான் பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி. ஒட்டியதைத் தெரிவுசெய்து எழுத்துருவைப் பாமினி என்று மாற்றினால் உடனே தமிழ் வந்துவிடும். ஆனால் யூடியூப் விபரத்தில் அதே வரிகளை ஒட்ட முடியாது. ஆகவே பாமினியை யூனிகோடாக மாற்றும் கருவி ஒன்றில் போட்டு எடுத்து, நோட்டோ சான்ஸ் டமில் மாதிரி ஒரு எழுத்துருவில் வையுங்கள்.

மாற்றிய பிறகு ஒவ்வொரு பெயரையும் வாசித்துப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறும், கிரந்த எழுத்துகள் காணாமல் போகும். "ஜதீஸ்வரம்" என்பதில் ஸ் இருக்கிறதா என்று பார்க்காமல் விடாதீர்கள். குருவின் பெயரைப் பிழையாகப் போட்டால் நான் பொறுப்பில்லை 😅

வெள்ளவத்தை_அப்பா | வெள்ளி, இரவு 8.35

எக்ஸ்போர்ட் செய்தேன். 1080, 25 பிரேம், எச்.264, யூடியூப் சொல்லும் 8 மெகாபிட். ஒன்பது ஜிபிக்கு மேல் வந்தது. யூடியூப்பில் லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும் வகையில் ஏற்றிவிட்டேன், கனடாவில் பார்த்துவிட்டார்கள். ஆனால் அம்மம்மாவின் ரீவிக்குப் பென் டிரைவில் போட முயன்றால், 32 ஜிபி வெறுமையாக இருந்தும் இடம் இல்லை என்கிறது.

கொட்டாஞ்சேனை_கட்டர் | வெள்ளி, இரவு 9.00

திரும்பவும் அதே ஃபேட்32, கமராக் கார்டில் இருந்த 4 ஜிபி எல்லை. பென் டிரைவை அந்த எல்லை இல்லாத எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றலாம், ஆனால் பழைய ரீவி அதை வாசிக்காமல் விடலாம். இரண்டாகப் பிரியுங்கள். வர்ணம் முடிய இடைவேளை விட்டீர்கள்தானே, அதுவே பிரிக்கும் இடம். ஒரு பாதி 75 நிமிடம், 6 மெகாபிட்டில் எக்ஸ்போர்ட் செய்தால் மூன்றரை ஜிபி சொச்சம். தாராளமாக ஏறும்.

மிருதங்கம்_கொழும்பு6 | சனி, காலை 9.20

லிங்க் அனுப்பியதற்கு நன்றி அண்ணை. இருந்து முழுக்கப் பார்த்தேன். நல்ல பிள்ளை, நல்ல அரைமண்டி. ஒரே ஒரு விஷயம். பெரிய கமரா வரும் இடமெல்லாம், முக்கியமாகத் தில்லானாவில், கால் விழுந்த பிறகுதான் ஜதிச் சொல்லு கேட்கிறது. மயிரிழைதான். என் கண்ணுக்குத் தெரிகிறது. போன் வரும் இடங்களில் அப்படி இல்லை.

பழைய_டேப்காரன் | சனி, காலை 10.05

பெரிய கமரா எவ்வளவு தூரத்தில் நின்றது?

வெள்ளவத்தை_அப்பா | சனி, காலை 10.15

மண்டபத்தின் கடைசியில். மேடையில் இருந்து ஒரு 45, 50 அடி இருக்கும் ஐயா.

பழைய_டேப்காரன் | சனி, காலை 10.40

அப்படியென்றால் அவர் கண் பிழையில்லை. சத்தம் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகும். ஒரு பிரேம் 40 மில்லி நொடி, அதற்குள் போவது 14 மீட்டர். உங்கள் கமராவுக்கு ஒளி உடனே வந்தது, சத்தம் ஒரு பிரேம் பிந்தி வந்தது. நீங்கள் சத்தத்தைச் சத்தத்தோடு பொருத்தினீர்கள், அதனால் படம் ஒரு பிரேம் முந்திவிட்டது. பெரிய கமராவின் படத்தைச் சத்தத்தில் இருந்து பிரித்து, படத்தை மட்டும் ஒரு பிரேம் வலப்பக்கம் தள்ளுங்கள். சத்தத்தைத் தொடாதீர்கள், தொட்டால் எதிரொலி வரும்.

வெள்ளவத்தை_அப்பா | சனி, பகல் 12.30

தள்ளினேன். மகளைக் கூப்பிட்டு இரண்டையும் போட்டுக் காட்டினேன், எது என்று சொல்லாமல். இரண்டாவதுதான் சரி என்றாள். திரும்ப எக்ஸ்போர்ட் ஓடுகிறது, 38 வீதம்.

கட்டர் தம்பி, இது முடிந்தால் டிஸ்க்கில் எதை வைப்பது, எதை அழிப்பது?

கொட்டாஞ்சேனை_கட்டர் | சனி, பகல் 12.50

புரொக்சியை மட்டும் அழியுங்கள். கெடென்லைவில் புரொஜெக்டைக் கோப்புகளோடு சேர்த்து ஒரே போல்டரில் கட்டிவைக்கும் வசதி இருக்கிறது, அதைச் செய்து இரண்டு டிஸ்க்கிலும் போடுங்கள். ஒன்று வீட்டில், மற்றது வேறு ஒரு வீட்டில். கொப்பியையும் எறியாதீர்கள்.

வெள்ளவத்தை_அப்பா | சனி, பகல் 12.58

ஒன்று அக்கா வீட்டுக்கு, யாழ்ப்பாணம் போகிறது. 61 வீதம்.